தூக்கப் பசியும் உடம்புக் கடிகாரமும்

ராத்திரி சாப்பாடு முடிந்து டிவி முன்னால் சோபாவில் சாய்ந்தால் கண் சொக்குகிறது. ஒன்பதரை மணிக்கு ஆரம்பித்து முக்கால் மணி நேரம் அங்கேயே அசந்து தூங்கியாகிவிட்டது. பதினொரு மணிக்கு விளக்கை அணைத்து, முறையாகப் படுக்கையில் படுத்தால் பொட்டுத் தூக்கம் இல்லை. ஒன்றரை மணி வரை புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான். தூக்கமே வருவதில்லை என்று மாத்திரை கேட்டு வருகிற பலருடைய இரவு இப்படித்தான் நகர்கிறது. இவர்களுக்குத் தூங்கும் திறன் எங்கேயும் போய்விடவில்லை. படுக்கைக்கு என்று பகல் முழுக்கச் சேர்த்துவைத்ததை சோபாவிலேயே செலவழித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க ஏறிக்கொண்டே போகும் தூக்கப் பசி. இன்னொன்று, நாம் தூங்கினாலும் விழித்திருந்தாலும் தன் பாட்டுக்கு ஓடும் உடம்புக் கடிகாரம். சூரிக் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் இந்த இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து காட்டினார். அதன்மேல் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனால் அடிப்படை அப்படியே நிற்கிறது. தூக்கப் பிரச்சினை எதுவானாலும் முதல் கேள்வி இதுதான்: பசி போதவில்லையா, கடிகாரம் நேரம் தப்பியிருக்கிறதா? பசி போதாதவருக்குக் கடிகாரத்துக்கான மருந்து கொடுத்தால் கேட்காது. கடிகாரம் தப்பியவர் சீக்கிரம் படுத்தாலும் பலன் இருக்காது.

பசியிலிருந்து ஆரம்பிக்கலாம். மூளைச் செல்கள் வேலை செய்ய ஏடிபி என்ற மூலக்கூறை எரிபொருளாகச் செலவழிக்கின்றன. அது உடைந்து உடைந்து கடைசியில் மிஞ்சும் துண்டுகளில் ஒன்று அடினோசின். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட செல்களுக்கு வெளியே அடினோசின் சேர்கிறது. அதற்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து விழிப்பு மையங்களை அது மெல்ல அமர்த்துகிறது. தூங்கத் தொடங்கியதும், முக்கியமாக முதல் மூன்று மணி நேரத்தில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில், இந்தச் சேர்மானம் வேகமாகக் கரைகிறது. அதனால்தான் ராத்திரி ஒன்பதரை மணிக்கு 45 நிமிஷம் தூங்குவதும் மத்தியானம் இரண்டு மணிக்கு 45 நிமிஷம் தூங்குவதும் ஒன்றல்ல. மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு மறுபடி பசி ஏற எட்டு மணி நேரம் இருக்கிறது. ஒன்பதரைத் தூக்கம், சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்ட மாதிரி.

காபி இந்த அடினோசினைக் குறைப்பதில்லை. காஃபீன் மூலக்கூறு அடினோசினைப் போலவே இருப்பதால் அதே ஏற்பியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, ஆனால் அதை இயக்குவதில்லை. வெளியே அடினோசின் சேர்வது சேர்ந்துகொண்டேதான் இருக்கும். காஃபீன் விலக விலக, காத்திருந்த அத்தனையும் வந்து அமர்கிறது. காபி குடித்தும் பல மணி நேரம் கழித்து முன்பைவிட அசதியாக இருக்கிறது என்பவர்களுக்கு நடப்பது இதுதான்.

உடம்பில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறைய பெரும்பாலானவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியில் 100 மில்லிகிராம் காஃபீன் இருந்தால், பத்து மணிக்குப் படுக்கும்போது 50 மில்லிகிராம் இன்னும் ரத்தத்தில் ஓடுகிறது. ஒரு கப் டீ குடித்துவிட்டுப் படுத்த கணக்கு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது வேகமாக வெளியேறும். அவர்கள் சிகரெட்டை விட்ட வாரத்தில், வழக்கமாகக் குடிக்கும் அதே காபி திடீரென்று தூக்கத்தைக் கெடுக்கும். புகையை விட்டதால் வந்த தவிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபீன் வெளியேற மூன்று மடங்கு நேரம்கூட ஆகலாம். கருத்தடை மாத்திரையும் அதைத் தாமதப்படுத்தும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கிற சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் அப்படியே. அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் காபியைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு கொடுத்த 400 மில்லிகிராம் காஃபீன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்தது. பத்தரைக்குப் படுப்பவர் இரண்டு மணிக்கு மேல் காபி குடிக்க வேண்டாம் என்பது என் கணக்கு. காபி குடித்தாலும் நான் நன்றாகத் தூங்குவேன் என்பவர்களுக்குத் தூக்கம் வருவதென்னவோ உண்மைதான், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறைந்திருக்கும். அது உள்ளிருந்து தெரியாது.

இனி கடிகாரம். இரண்டு கண்ணிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, இடம் ஒன்று வலம் ஒன்றாக இரண்டு சின்னக் கொத்துகள். இரண்டும் சேர்த்துச் சுமார் 20,000 நரம்புச் செல்கள். எலிகளில் இந்த இடத்தை எடுத்துவிட்டால் இரவு பகல் என்ற ஒழுங்கு போய்விடும் என்று 1972இல் கண்டார்கள், தூங்கும் மொத்த அளவு மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சில மரபணுக்கள் புரதங்களை உருவாக்குகின்றன. அந்தப் புரதங்கள் சேர்ந்து திரும்பிவந்து அதே மரபணுக்களை நிறுத்துகின்றன. புரதம் சிதைந்ததும் மறுபடி தொடக்கம். இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள். இந்தப் பொறியைப் பழ ஈக்களில் பிரித்துக் காட்டிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏறக்குறைய என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மனிதர்களின் கடிகாரம் சராசரியாக 24 மணி 10 நிமிஷத்தை ஒட்டி ஓடுகிறது. தினமும் யாராவது திருத்தி வைக்காவிட்டால் அது பின்னால் நகர்ந்துகொண்டே போகும். திருத்துவது வெளிச்சம்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமைக்குரிய பங்கு உண்டு, அது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. ஜெர்மனியின் ட்யூபிங்கனில் எர்வின் ப்யூன்னிங்கிடம் வேலை செய்துவிட்டு வந்த எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையை வளர்த்தெடுத்தார். வெளியுலக வெளிச்சமும் சத்தமும் நேரமும் எட்டாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்கள் உடம்பின் நாள் எவ்வளவு நீளம் என்று பார்க்கும் வசதி அங்கே இருந்தது. அவரும் அவர் குழுவும் சமணர் மலைக் குகையில் வௌவால்களை வைத்துச் செய்த சோதனை இன்னும் அழகானது. குகைக்குள் வெளிச்சம் எட்டாத இடத்தில் கூண்டில் இருந்த வௌவால், மற்ற வௌவால்கள் சுதந்திரமாக வெளியே போய்த் திரும்பும்வரை, அவற்றோடு சேர்ந்தே சரியான நேரத்துக்குச் சிறகடித்தது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக விட்டால் அதன் நாள் 24 மணி நேரத்திலிருந்து விலகி நகரத் தொடங்கியது. வெளிச்சம் இல்லாத இடத்தில் கூட்டமே கடிகாரத்தைத் திருத்தியது. மனிதர்களில் இந்தச் சமூகக் குறிப்பு வெளிச்சத்தைவிட மிகப் பலவீனமானது. ஆனாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்கும் பெரியவர்களின் தூக்கம் ஏன் கலைந்து போகிறது என்று யோசிக்கும்போது எனக்கு இந்த வௌவால்கள் ஞாபகத்துக்கு வரும். அவர்களுக்கு வெளிச்சமும் போய்விட்டது, கூட்டமும் போய்விட்டது.

வெளிச்சம் கடிகாரத்துக்கு எப்படிப் போகிறது? விழித்திரையில் உருவம் பார்க்க உதவும் செல்கள் போக, மெலனாப்சின் என்ற நிறமி உள்ள கொஞ்சம் நரம்புச் செல்கள் தனியாக இருக்கின்றன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை அதிகமாகக் கிளர்ச்சியடைகின்றன. பார்வை முழுக்கப் போன சிலருக்கும் இந்தச் செல்கள் உயிரோடு இருந்தால் கடிகாரம் சரியாக ஓடும். அதனால் கண் தெரியவில்லை என்பதற்காக அவர்களை இருட்டறையிலேயே உட்கார வைக்கக் கூடாது. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான காலையிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், நேர் வெயிலில் லட்சத்தைத் தொடும். நம் கண்ணின் பாப்பா சுருங்கி விரிவதாலும் விழித்திரை வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதாலும் இந்தப் பெரிய வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பதும் வாசலில் நின்று கோலம் போடுவதும் கடிகாரத்துக்கு வெவ்வேறு.

எந்த நேரத்து வெளிச்சம் என்பதுதான் மிக முக்கியம். உடம்பின் உள்வெப்பம் ஒரு நாளில் ஒருமுறை அடிமட்டத்துக்குப் போகும். வழக்கமாக அலாரம் இல்லாமல் எழும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு அது வரும். ஏழு மணிக்கு எழுபவருக்கு நாலரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் புள்ளிக்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது நாளைக்கு இன்னும் தாமதமாகத் தூக்கம் வரும். புள்ளிக்குப் பின்னால் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். புள்ளியை ஒட்டிய மணி நேரங்களில்தான் இந்த இழுப்பு இரண்டு பக்கமும் அதிகம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தப்பு வீட்டுக்கு வீடு நடக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ராத்திரி ஒன்றரைக்குத் தூங்கி ஒன்பதரைக்கு எழுகிறான். விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று அவனை நாலு மணிக்கு எழுப்பி, பளிச்சென்று ட்யூப்லைட்டைப் போட்டு உட்கார வைக்கிறார்கள். அவன் வெப்பம் அடிமட்டத்துக்குப் போவதே ஏழு மணிக்கு. நாலு மணி வெளிச்சம் அவனுக்கு நடுச்சாம வெளிச்சம். அது கடிகாரத்தை இன்னும் பின்னால்தான் தள்ளும். பதின்ம வயதில் கடிகாரம் இயல்பாகவே ஓரிரு மணி நேரம் பின்னால் போகிறது, அது சோம்பேறித்தனம் இல்லை. அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். கனவு வரும் தூக்கத்தின் பெரும்பங்கு கடைசி மூன்றில் ஒரு பாகத்தில் வருகிறது. ஒன்றரைக்குப் படுத்தவனை நாலு மணிக்கு எழுப்பினால் அந்தப் பங்கு முழுசாக வெட்டுப்படுகிறது. பகலில் படித்தது மூளையில் ஊன்றுவதில் அதற்கும் வேலை உண்டு.

அந்தப் பிள்ளை ஐந்தரைக்கு எழ வேண்டும் என்றால் வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். முதல் இரண்டு நாள் ஒன்பதே காலுக்கு எழுப்பி உடனே மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ அரை மணி நேரம் அனுப்புங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தை 15 முதல் 20 நிமிஷம் முன்னால் கொண்டுவாருங்கள். படுக்கும் நேரத்தை நீங்கள் தொட வேண்டாம், அது தானாகப் பின்தொடரும். எட்டரை மணிக்கு மேல் கூடத்து ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, தலைக்கு மேலே இல்லாத, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு சின்ன விளக்கு போதும். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். நாலு மணி நேரம் நகர நாலு வாரம் போல ஆகும். அதனால் மார்ச் பரீட்சைக்கு ஜனவரியிலேயே தொடங்குங்கள். சென்னையில் சூரியன் மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே உதித்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். ஐந்தரைக்கு எழுகிற நாளில் வெளியே வெளிச்சம் வரும்வரை மேஜை விளக்கில் படிக்கட்டும், விடிந்ததும் வெளியே போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை வரை தூங்குவதும் இதே கணக்கில்தான் திங்களைக் கெடுக்கிறது. காலை வெளிச்சம் தவறிப்போவதால் கடிகாரம் பின்னால் நகர்கிறது. அன்று ராத்திரி பத்தரைக்குப் படுக்கும்போது விழித்து 12 மணி நேரம்தான் ஆகியிருக்கும், வழக்கமான 16 மணி நேரப் பசி இருக்காது. லீவு நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள், அதற்குமேல் வேண்டியதை மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூக்கம் ஒன்று 20 நிமிஷம், இல்லையென்றால் முழுசாக 90 நிமிஷம். 45 நிமிஷத்தில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவிலிருந்து எழுவீர்கள். தலை கனத்து, அரை மணி நேரம் எதுவும் ஓடாது.

கடிகாரத்தின் இன்னொரு குணமும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அது விழிப்பை அதிகமாகத் தூக்கிப் பிடிக்கிறது. நாள் முழுக்கச் சேர்ந்த பசிக்கு எதிராக முட்டுக்கொடுக்க அது அப்படிச் செய்கிறது. விடியற்காலை நாலு மணி ரயிலுக்காக எட்டு மணிக்கே படுப்பவர் பத்தரை வரை கண் கொட்டாமல் கிடப்பது அதனால்தான். அதற்குப் பிறகு கதவு திறக்கும். அன்றைக்கு மத்தியானம் ஒரு 90 நிமிஷம் தூங்கிவிட்டு, ராத்திரி பத்துக்குப் படுப்பது உத்தமம். படுப்பதற்கு முந்தைய அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்கூட ஒருவருக்கு சோபாவில் கண் சொக்குகிறது என்றால், முட்டுக்கொடுப்பையும் மீறும் அளவு பல நாள் கடன் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 2003இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 14 நாள் தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருந்தவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் அவர்களைக் கேட்டபோது கொஞ்சம்தான் தூக்கமாக இருக்கிறது என்றார்கள். பழகிவிட்டது என்ற பேச்சை நான் நம்பாததற்குக் காரணம் இந்த முடிவுதான்.

நைட் ஷிஃப்ட்

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குப் பகலில் நன்றாகத் தூங்குங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமே இல்லை. காலை ஏழரைக்கு வீட்டுக்கு வருபவருக்குப் பசி உச்சத்தில் இருக்கும், அதனால் படுத்ததும் தூங்கிவிடுவார். ஆனால் பதினொன்றரைக்கு எழுந்துவிடுவார். வெளிச் சத்தமும் வெயிலும் பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்த நேரத்தில் கடிகாரம் விழிப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறது, பசியோ பாதி தீர்ந்துவிட்டது. மெத்தையை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

தொடர்ந்து மாதக்கணக்கில் நைட் மட்டுமே பார்ப்பவர்கள் கடிகாரத்தை முழுக்கப் புரட்ட முயல வேண்டாம், லீவு நாளில் குடும்பத்தோடு இருக்கத்தான் போகிறார்கள். பாதி வழி நகர்த்தினால் போதும். வெப்பத்தின் அடிமட்டம் காலை ஒன்பது, பத்து மணிக்கு வரும்படி வைத்தால் ஷிஃப்ட் நேரத்தில் அந்தச் சரிவு வராது, பகல் தூக்கத்துக்குள் விழும். வேலை நாளில் எட்டரையிலிருந்து மூன்றரை வரை தூக்கம், லீவு நாளில் ராத்திரி மூன்றிலிருந்து பகல் பன்னிரண்டு வரை. ஷிஃப்டில் பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி வரை முடிந்தவரை பிரகாசமான விளக்கடியில் இருக்க வேண்டும், அதற்கு மேல் மங்கலான இடம். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி. ஏனென்றால் பழைய அடிமட்டத்துக்குப் பின்னால் வரும் காலை வெயில், ராத்திரி முழுக்கத் தள்ளியதை மறுபடி முன்னுக்கு இழுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: விடிந்தும் விடியாத நேரத்தில் டூவீலர் ஓட்டுபவர் கண்ணாடி போடக் கூடாது. கண் சொக்கும் நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. கிளம்பும் முன் ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் தலையைச் சாய்த்து எழுந்தால், காஃபீன் ஏறும் நேரமும் எழும் நேரமும் ஒத்துப்போகும். அன்றைக்குப் பகல் தூக்கத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். மற்ற நாட்களில் காபியைப் பாதி டம்ளராகப் பிரித்து ஷிஃப்டின் முதல் பாதியிலேயே, இரண்டரைக்குள் முடித்துவிட வேண்டும்.

மாதத்தில் இரண்டு மூன்று நைட் மட்டும் பார்ப்பவர்கள் கடிகாரத்தைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. முதல் நைட்டுக்கு முந்தின மத்தியானம் 90 நிமிஷம், ஷிஃப்ட் நடுவில் சரிவு வருவதற்கு முன்பே, இரண்டு மணி வாக்கில், 20 நிமிஷம். கடைசி நைட் முடிந்த காலை மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, அன்றிரவு சீக்கிரம் படுக்கலாம்.

நடு இரவில் தட்டு நிறையச் சாப்பிடுவது சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து. அதே நாலு இட்லி காலையில் ஏற்றும் சர்க்கரையைவிட நள்ளிரவில் அதிகமாக ஏற்றும். இன்சுலின் சுரப்பும் அது வேலை செய்யும் விதமும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. ஷிஃப்டுக்குப் போகும் முன் முழுச் சாப்பாடு, நடுவில் சுண்டலோ மோரோ, காலை வந்து இரண்டு இட்லி. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும்.

ஷிஃப்டை அமைப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. பல மில்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறுகிறது. இருப்பதில் மோசமான ஏற்பாடு அது. கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் நகரும். வாரக் கடைசியில் ஒருவழியாகப் பழகும்போது மறுபடி மாற்றிவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றலாம், அல்லது மூன்று வாரம் ஒரே ஷிஃப்டில் விடலாம். காலை, பிறகு மாலை, பிறகு இரவு என்ற வரிசையில் சுற்ற வேண்டும், ஏனென்றால் நம் கடிகாரம் பின்னால் போக இயல்பாகவே ஒத்துழைக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது உப்புத் தொழிற்சாலையில் சார்ல்ஸ் ஸைஸ்லர் குழு இந்த வரிசையையும் 21 நாள் இடைவெளியையும் கொண்டுவந்து, தொழிலாளர்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடியதை 1982லேயே காட்டியது. கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல், புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் ரோஸ்டரைக் கையில் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாத்திரைகள்

மெலடோனின் தூக்க மாத்திரை இல்லை. இருட்டிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன் அது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு தானாகச் சுரக்கத் தொடங்கும். கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்துவதற்காக எடுத்தால் அரை மில்லிகிராம் போதும், அதை வழக்கமான தூக்க நேரத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பு போட வேண்டும். கடையில் கிடைக்கும் 3, 5, 10 மில்லிகிராம் மாத்திரையைப் படுக்கும்போது போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நேரத்தையும் அளவையும் இரண்டையும் தவறவிட்டிருக்கிறார்கள். பசி போதாதவருக்கு எந்த அளவும் பெரிதாக உதவாது.

சளி மாத்திரை போட்டால் தூக்கம் வருவது வேறு கதை. மூளையைத் தூக்கி நிறுத்தும் விழிப்பு மையங்களில் ஒன்று ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தால் பேசுகிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் இருக்கும் தூக்க மையமும் இந்த விழிப்பு மையங்களும் ஏற்றமரம் மாதிரி, ஒன்று இறங்கினால் ஒன்று ஏறும். க்ளோர்ஃபெனிரமின் போன்ற பழைய சளி மாத்திரைகள் மூளைக்குள் நுழைந்து ஹிஸ்டமினின் வாயை அடைப்பதால் தட்டு சாய்கிறது. நாலைந்து நாளில் உடம்பு பழகிவிடும், மறுநாள் காலை மந்தம் மட்டும் மிஞ்சும். வயதானவர்களுக்கு ஞாபகக் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரலாம் என்பதால் தூக்கத்துக்காக அதைத் தரவே கூடாது. குடித்துவிட்டுத் தூங்குவதும் இப்படித்தான்: முதல் பாதி கட்டையாகக் கிடப்பார்கள், மது உடைந்து முடியும் மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பார்கள்.

படுக்கையில் புரள்பவர்களுக்கு

மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கு, மாத்திரையைவிட நீடித்துப் பலன் தருவதாக நிரூபணமான முறை படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. கேட்டதும் கொடுமையாகத் தோன்றும். ஒரு வாரம் தினமும் காலையில் நோட்டில் எழுதுங்கள்: எப்போது படுத்தேன், தோராயமாக எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன். ராத்திரி கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும். பத்திலிருந்து ஆறு வரை எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்று வையுங்கள். 69 சதவீதம்தான் தேறுகிறது. எழும் நேரத்தை ஆறு மணி என்று ஆணி அடித்துவிடுங்கள். படுக்கும் நேரம் பன்னிரண்டரை. அதுவரை தூக்கம் வந்தாலும் படுக்கைக்குப் போகக் கூடாது, பகலிலும் தூங்கக் கூடாது. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் இறக்கவே வேண்டாம். ஒரு வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிஷம் முன்னால் கொண்டுவாருங்கள், மறு வாரம் இன்னொரு 15. படுத்து 20 நிமிஷம் போல ஆகியும் தூக்கம் இல்லையென்றால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள். படுக்கை என்றாலே தவிப்பு என்று மூளை கற்றுக்கொண்டதை அழிக்க இது நல்ல வழி.

முதல் பத்து நாள் பகலில் அசதி கடுமையாக இருக்கும். பலர் இந்த நாட்களிலேயே விட்டுவிடுகிறார்கள். லாரி, பஸ் ஓட்டுபவர்களும் வலிப்பு நோயோ மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறும் நோயோ உள்ளவர்களும் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, தூக்கக் குறைவு அவர்கள் நோயைக் கிளப்பிவிடும்.

தூங்குவதற்கு உடம்பின் உள்வெப்பம் இறங்க வேண்டும், அந்த வெப்பம் கை கால் வழியாகத்தான் வெளியேறுகிறது. படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு பத்து நிமிஷம் வெந்நீரில் குளித்தால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் இறங்க வழி கிடைக்கிறது. படுப்பதற்குச் சற்று முன்பு ஜில்லென்ற தண்ணீரில் குளித்தால் குழாய்கள் சுருங்கி, வெப்பம் உள்ளேயே நிற்கும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாவதில்லை என்பதே தொல்லை. ஏசி இருந்தால் 25, 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுவது, 20 டிகிரியில் போர்வைக்குள் சுருள்வதைவிட மேல்.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லையென்றால் பசியிலும் கடிகாரத்திலும் தேடுவதை நிறுத்திவிட்டு உடம்பைப் பார்க்க வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி தொடங்குவது, எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம்: இது மூச்சுத் தடை நோயாக இருக்கலாம், தூக்கப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது மூச்சை இன்னும் தடுக்கலாம்.

இன்னொன்று கால் குடைச்சல். சாயங்காலமும் படுத்த பிறகும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல, இழுப்பது போல ஓர் அவஸ்தை. எழுந்து நடந்தால் போய்விடும், படுத்தால் வந்துவிடும். வீட்டு வேலை செய்த அலுப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டே வருஷக்கணக்கில் தூக்கத்தைத் தொலைத்த பெண்கள் எத்தனையோ பேர். மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வர முக்கியக் காரணம் மூளையில் இரும்புச் சத்துக் குறைவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இது இருக்கலாம், அதனால் உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத் தாளில் 20, 30 எல்லாம் நார்மல் என்றே அச்சாகியிருக்கும். கால் குடைச்சல் உள்ளவருக்கு 75க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சம்பழச் சாற்றோடு. அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் டீ, காபி, பால் வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி எடுத்துப் பாருங்கள்.